ஏடனிலிருந்து வந்த இரண்டு கடிதங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு குடும்பம், தொண்ணூறு வயதை நெருங்கி இறந்துபோன ஒருவருக்கு 31ஆம் நாள் நினைவு மலர் தயாரித்தது. அதற்காகப் பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அவர் இளமையில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தன. பழைய தாள்களைப் படியெடுத்துப் பாதுகாக்கும் எங்கள் சிறு குழுவை உதவிக்குக் கூப்பிட்டார்கள். தாள்களைக் காப்பாற்றுவதுதான் வேலை என்று நினைத்துப் போனோம். ஒரு மகன் தாய்க்கு எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், சொல்லாமல் விட்டதை இன்று அச்சில் போடலாமா என்பதில் வந்து நின்றது. குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறோம். ஊர், கப்பல், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

கடிதம் எழுதியவருக்கு அப்போது இருபது சொச்சம் வயது. தகப்பன் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் தாயும் அக்காவும் தம்பியும். அக்காவின் கணவர், அதாவது மச்சான், ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மட்டக்களப்பு வழக்கப்படி அவர் மனைவியின் வீட்டோடு வந்து இருந்தவர். தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் மச்சான்தான் விறாந்தையில் இருந்து சத்தமாக வாசிப்பார். அக்கம்பக்கத்துச் சனமும் வந்து கேட்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதம் என்றால் சொல்லத் தேவையில்லை.

பயணச் செலவுக்கு வயலை ஈடு வைத்திருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் மாகோ வழியாகக் கொழும்பு, கொழும்புத் துறைமுகத்தில் கப்பல், பிறகு ஏடன், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், கடைசியில் லண்டனுக்குக் கீழே டில்பரித் துறை. அந்தக் காலத்தில் இங்கிருந்து படிக்கப் போனவர்களில் அநேகர் போன வழி இதுதான். 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வரும்வரை கொழும்புக்குப் போகிறதே பலருக்குக் கப்பல் பயணமாக இருந்தது. ஆனால் கரையோரக் கப்பல் வேறு, அரபிக் கடல் வேறு.

கொழும்பிலிருந்து ஏடன் சுமார் 2,100 கடல் மைல். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலைப் போட்டு உலுப்பும். மேற்கு நோக்கிப் போகிற கப்பல் காற்றுக்கும் அலைக்கும் முகம் கொடுத்தே போகவேண்டும். சொக்கோத்ரா தீவுப் பக்கம் காற்று மிகவும் கடுமை. ஆபிரிக்காவின் கொம்பு முனையான குவார்டபூயியைத் தாண்டி ஏடன் குடாவுக்குள் நுழைந்தால் நிலம் காற்றை மறைத்துவிடும், கடல் அடங்கும். இந்தக் கடிதங்களை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விடயம் தெரிந்திருப்பது அவசியம்.

பெட்டி அந்த அக்காவின் மகளிடம் இருந்தது. இறந்தவர் அவவுக்கு மாமா. நினைவு மலரை முன்னின்று செய்தவர் இறந்தவரின் சொந்த மகள். இருவரும் மச்சாள்மார். பெட்டி வைத்திருந்தவர் வயதில் மூத்தவர்.

முதலில் கண்டது

1978 நவம்பர் 23 சூறாவளியில் அந்த வீட்டின் கூரை போய், பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. 1990 போர்க்கால இடப்பெயர்வில் பெட்டி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய்த் திரும்பியது. இத்தனைக்குப் பிறகும் கட்டு பெரும்பாலும் முழுதாக இருந்தது பெரிய காரியம். கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. மையால் எழுதிய சில உறைகளில் முகவரி கரைந்து நீலப் புகையாய்ப் படர்ந்திருந்தது.

பேரப் பிள்ளைகளில் ஒருவர், கடைக்குக் கொண்டுபோய் லெமினேட் செய்தால் பாதுகாப்பு என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். நாங்கள் வேண்டாம் என்றோம். லெமினேட் செய்யும்போது சூட்டில் உருகும் பசை தாளோடு ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. பழைய தாளில் உள்ள அமிலமும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு, வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே தாள் பழுத்து உதிரும். ஒட்டுநாடாவும் வேண்டாம் என்று சொன்னோம்.

கட்டை அவிழ்க்க முதல், இருந்த ஒழுங்கிலேயே படம் எடுத்தோம். எந்தக் கடிதம் எந்த உறையோடு, எது எதன்மேல் என்பது பிறகு நினைவில் நிற்காது. இந்த நிகழ்வில் அந்த ஒழுங்குதான் பெரிய தடயமாக வந்தது. கட்டில் அடுத்தடுத்து இருந்த இரண்டு உறைகளிலும் பிரித்தானிய முத்திரை, ஏடன் தபால் சீல், கப்பலில் போட்ட தபால் என்பதைக் காட்டும் ‘பாக்கெபோ’ குறி. கடலில் ஓடுகிற கப்பலில் தபால் போட்டால் அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டு முத்திரை ஒட்டலாம், அடுத்த துறைமுகத்தில் சீல் விழும். ஆகவே இரண்டும் கப்பலிலேயே எழுதிப் போட்டவை. ஒன்றின் முகவரி வீடு, தாயின் பெயருக்கு. மற்றதன் முகவரி மச்சான் படிப்பித்த பள்ளிக்கூடம்.

இரண்டு கடிதங்கள்

தாய்க்கு எழுதியது இரண்டு பக்கம். நீல மை, நல்ல வடிவான எழுத்து, வரி சாயவில்லை. குடும்பம் ஏற்கெனவே அறிந்த கடிதம் இது. மலரில் போடவேண்டும் என்று மகள் நினைத்திருந்ததும் இதைத்தான்.

மச்சானுக்கு எழுதியது பென்சிலால், கொப்பியிலிருந்து கிழித்த தாள்களில், விட்டு விட்டுப் பல நாட்களாக எழுதியது. எழுத்து சறுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஓரிடத்தில் ஒரு சொல்லின் நடுவில் பென்சில் தாளின் ஓரம்வரை இழுபட்டிருக்கிறது. தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் தொடக்கத்தில் வெளித் தாளை மட்டும்தான் வாசிக்க முடிந்தது. தலைப்பிலேயே கோடிட்டு எழுதியிருந்தது: “இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.”

பிறகு முழுதும் வாசித்தபோது கண்டதையும் சேர்த்தே இங்கே சொல்கிறோம். மினிக்கோய் வெளிச்சவீட்டைத் தாண்டியதும் கடல் பிடித்துக்கொண்டது. கீழ்த்தளக் கேபினின் வட்ட யன்னலை இரும்பு மூடி போட்டு இறுக்கிவிட்டார்கள். காற்று இல்லை, எண்ணெய் மணம், வாந்தி மணம். கப்பலின் பின்பக்கம் அலையில் தூக்கும்போது சுழலி தண்ணீருக்கு வெளியே வந்து வெறுமனே வேகமாய்ச் சுழலும், கட்டில் கம்பி எல்லாம் கிடுகிடுக்கும், திரும்பத் தண்ணீருக்குள் அடிக்கும்போது கப்பல் முழுதும் ஒரு குலுக்கல் குலுங்கும். நடைவழிகளில் பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரே கேபினில் இருந்த இன்னொரு இளைஞரின் நிலைமையையும் எழுதியிருக்கிறார். அதை இங்கே சொல்லவில்லை. பிறகு பணக் கணக்கு: ஏடனில் இறங்கித் திரும்பி வந்தால் கட்டிய பணத்தில் ஏதும் மிஞ்சுமா, ஈடு வைத்த வயலை மீட்க எவ்வளவு காலம் எடுக்கும், கடன் தந்தவர் என்ன சொல்வார். கடைசித் தாளில் எழுத்து திடீரென்று நேராகிறது. குவார்டபூயி தாண்டிவிட்டது. “கடல் குளம் போலக் கிடக்கிறது. நான் போகிறேன் மச்சான்.” அவ்வளவுதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் எங்களுக்கு ஒரு விடயம் பிடிபட்டது. தாய்க்கு எழுதிய கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை.

“நீங்கள் தந்துவிட்ட தேசிக்காய் ஊறுகாய் முடிந்துவிட்டது” என்று தாய்க்கு எழுதுகிறார். மச்சானுக்கு எழுதியதில், மூன்று நாள் ஊறுகாயும் வறண்ட பிஸ்கட்டும் தவிர வேறொன்றும் வயிற்றில் நிற்கவில்லை. “நேற்று இரவு நல்ல நித்திரை” என்கிறது ஒன்று. மற்றது, ஐந்து இரவுக்குப் பிறகு நேற்றுத்தான் கண் மூடினேன் என்கிறது. தட்டு வழுக்கி விழாமல் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி மர விளிம்பு பூட்டுவதையும் மேசை விரிப்பை நனைத்து விடுவதையும் தாய்க்கு ஒரு புதினமாகச் சொல்கிறார். அந்த மேசைகளில் பாதிக்கு மேல் ஆளில்லாமல் கிடந்ததை மச்சானுக்குத்தான் சொல்கிறார். “ஏடனில் இறங்கிப் பார்ப்பேன்” என்ற வரி தாய்க்கு ஊர் பார்க்கிற ஆசை. அதே ஏடன் மச்சானுக்கு எழுதியதில் ஓடி வருகிற வழி.

விறாந்தையில் பத்துப் பேர் முன்னால் சத்தமாக வாசிக்கப்படும் என்று தெரிந்தே எழுதிய கடிதம் அது. தாய் ஒருத்திக்கு மட்டும் எழுதியதல்ல. வயல் ஈட்டில் இருக்கிற வீட்டில், கடன் தந்தவரின் ஆட்களும் அந்த விறாந்தைக்கு வரக்கூடும். பயந்த பிள்ளையின் கடிதமாக இது வாசிக்கப்படுவதை அவர் விரும்பவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். “அன்புள்ள மகன் எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்” என்று ஒரு தலைப்புப் போடச் சிலருக்குக் கை அரித்தது. அது இந்தக் கடிதத்துக்கு நியாயமல்ல.

எந்த ஆண்டு?

வீட்டில் எல்லோரும் 1957 என்றார்கள். “வெள்ளம் வந்த வருஷம்” என்பது குடும்பக் கதை. 1957 டிசம்பர் வெள்ளம் கிழக்கை உலுக்கியது உண்மை. ஆனால் கடிதத்தில் ஆண்டு இல்லை, தாய்க்கு எழுதியதன் தலைப்பில் “திங்கள்” என்று மட்டும் இருந்தது. சீலில் ஆண்டு அழிந்திருந்தது.

தாய்க்கு எழுதிய கடிதத்தில் இரண்டு வரிகள் உதவின. “நாளைக்கு ஆடி அமாவாசை. இந்த முறை அப்பாவுக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாட நான் இல்லை. நீங்கள் இதைக் கேட்கும்போது தீர்த்தம் முடிந்திருக்கும், தம்பி போயிருப்பான்.” மாமாங்கம் என்பது மட்டக்களப்பில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் நடக்கிற கோயில். பிறகு, கப்பலில் பின்னேரம் திடீரென்று இருட்டியதைச் சொல்லி, “போன மாதம் கிரகணத்தன்று இருட்டியது போல” என்று ஒரு வரி.

1955 ஜூன் 20 காலையில் இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அந்த நூற்றாண்டிலேயே மிக நீளமான முழுக் கிரகணம் என்று உலகம் எங்கும் இருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்த கிரகணம் அது. அடுத்த அமாவாசை 1955 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை. ஆடி மாதத்துக்குள் விழுகிறது. அதற்கு முதல் நாள் திங்கள். சரியாகப் பொருந்தியது. முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் ஆடி அமாவாசையைப் பார்த்தபோது கிழமை ஒத்துவரவில்லை. முத்திரையில் எலிசபெத் ராணியின் தலை, ஆகவே 1952 டிசம்பருக்குப் பிந்தியது. கட்டில் அடுத்து இருந்த கடிதம் சுயஸ் கால்வாயைக் கடந்ததைச் சொல்கிறது. 1956 நவம்பர் முதல் 1957 ஏப்ரல் வரை கால்வாய் மூடிக் கிடந்தது. எல்லாம் 1955 ஜூலை 18 என்ற ஒரே நாளைத்தான் காட்டின.

மகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தகப்பன் வாயால் “வெள்ளம்” என்று கேட்டவர் அவர். ஊர் வெள்ளத்தில் கிடந்ததை இறந்தவர் இங்கிலாந்தில் கடிதம் வழியாக அறிந்திருப்பார், அந்தத் துக்கம் பயண நினைவோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று மூத்த மச்சாள்தான் சொன்னார். மலரில் 1955 என்று அச்சாகியது.

ஒட்டிய தாள்

பென்சில் தாள்களைப் பிரிப்பதா விடுவதா என்று யோசித்தோம். பென்சில் ஈரத்துக்குக் கரையாது, அது நல்லது. தாள் கிழியக்கூடும், அதுதான் பயம். காய்ந்த நிலையில் இழுக்காமல், மூடக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரமான ஒற்றுத்தாளைப் பரப்பி, அதன்மேல் வலைத்தட்டு வைத்து, தண்ணீர் படாமல் ஈரக்காற்று மட்டும் படும்படி தாள்களை வைத்தோம். சில மணி நேரத்தில் தாள் இளகியது. மெல்லிய மூங்கில் சீவலை ஓரத்திலிருந்து நுழைத்துப் பிரித்தோம். அப்புறம் ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் பாரம் வைத்து உலர்த்தினோம். மங்கிய இடங்களை வாசிக்க, பக்கவாட்டில் தாழ்வாக டோர்ச் பிடித்துப் படம் எடுத்தோம். பென்சில் அழுத்திய பள்ளம் நிழலில் தெரியும். ஸ்கானர் இந்த வேலையைச் செய்யாது.

கடைசித் தாளின் பின்பக்கத்தில் வேறொரு கை, மையால். 1978 ஈரத்திலேயே பாதி கலங்கியிருந்தது. மிஞ்சியது இவ்வளவு: “மாமிக்கு முழுதும் வாசித்தேன். இரண்டாம் தரமும் கேட்டா.” அதன் கீழே ஒரு திகதி இருந்திருக்கிறது, வாசிக்க முடியவில்லை. மாமி என்றது தாயை. எழுத்து மச்சானுடையது என்று அவருடைய பழைய பாடக் குறிப்புகளோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டது.

அச்சிடுவதா, விடுவதா

இங்கேதான் வீடு இரண்டாகப் பிரிந்தது. இருவரும் தத்தம் தகப்பனுக்காக வாதாடினார்கள் என்பதை நாங்கள் சற்றுப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டோம்.

இறந்தவரின் மகள்: “அப்பா வாசிக்க வேண்டாம் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் ஊருக்கே வாசித்துக் காட்டுவது எப்படி?” மூத்த மச்சாள்: “வாசிக்க வேண்டாம் என்று சொன்னது அம்மம்மாவுக்கு. அம்மம்மாவுக்கே எங்கட அப்பா வாசித்துவிட்டார். பிறகு யாருக்கு மறைக்கிறது?”

எங்கள் குழுவுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. கடிதத்தைப் பெற்றவர் தாயிடம் சொன்னது அவருடைய முடிவு, எழுதியவர் தந்த அனுமதி ஆகாது என்றார் ஒருவர். இது சரியான பேச்சு என்றே இன்றும் நினைக்கிறோம்.

சட்டம் ஒரு பக்கத்தைத் தெளிவாக்கியது. கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், ஆகவே இப்போது மூத்த மச்சாளுக்கு. அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் வாழ்நாளும் இறந்தபின் 70 ஆண்டும் நிற்கும், வாரிசுகளுக்குப் போகும். ஒருவரிடம் தாள், மற்றவரிடம் சொல். இருவரும் சேராமல் இதில் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சொன்னதும் சண்டையின் சூடு கொஞ்சம் தணிந்தது. ஒருவர் மற்றவரைக் கேட்டே ஆகவேண்டும் என்றானபோது பேச்சு வேறு விதமாகப் போனது.

கடைசியில் எடுத்த முடிவு இது. தாய்க்கு எழுதிய கடிதம் முழுதாக மலரில் வரும். மச்சானுக்கு எழுதியதில் கடலைப் பற்றிய பகுதி மட்டும் வரும். கடன், ஈடு, கடன் தந்தவர் பற்றிய வரிகளும் கேபின் நண்பரைப் பற்றிய பகுதியும் வராது. அந்த இருவரும் இதில் எங்களிடம் எதையும் கேட்கவில்லை, அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கங்களிலேயே இருக்கக்கூடும். விடுபட்ட இடங்களில் விடுபட்டது என்று குறி போடவேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். குறி இல்லாமல் ஒட்டி அச்சிட்டால், மகனின் கடிதம் என்ற பெயரில் நாங்கள் எழுதிய கடிதம்தான் வெளிவரும். மச்சானின் பின்குறிப்பு மலரில் இல்லை. மகள் அதற்கு இணங்கவில்லை. பதிலாக, மூத்த மச்சாள் தன் சொந்தக் குறிப்பில், தன் சொல்லில், அம்மம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று எழுதினார். அதை மகள் வெட்டவில்லை.

“வேண்டாம்” என்ற கோடிட்ட வரியை என்ன செய்வது என்று நீண்ட நேரம் பேசினோம். அதுவும் அச்சாகியது. அதை எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடுவது சரியல்ல என்றார் மகளே.

பிறகு நடந்தது

மலர் 31ஆம் நாளன்று கொடுக்கப்பட்டது. அயலில் ஒரு வயதான அம்மா, அந்தக் கடிதம் விறாந்தையில் வாசிக்கப்பட்டபோது தான் சிறுபிள்ளையாகப் பக்கத்தில் இருந்ததாகச் சொன்னார். அவருக்கு நினைவிருந்தது மேசை விளிம்பு மட்டும்தான். அதற்குப் பிறகு பல நாள் பிள்ளைகள் எல்லாம் பலகையைச் சாய்த்துச் சிரட்டையை உருட்டிக் கப்பல் விளையாடினார்களாம். மச்சானுக்கு வந்த கடிதத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியானால் தாய் அதை வெளியில் விடவில்லை.

கடன் தந்த குடும்பத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், மலரை வாங்கிப் போனார். ஒரு பேச்சும் எழவில்லை.

நாங்கள் எதிர்பாராதது இன்னொன்று. சில மாதங்களுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து ஒருவர் மகளைத் தொடர்புகொண்டார். மலரின் பிரதி எப்படியோ கைமாறி அவரிடம் போயிருக்கிறது. தன் பாட்டனாரும் அதே மாதம் அதே வழியில் கப்பலில் போனவர், விடுபட்ட இடத்தில் இருப்பது அவரைப் பற்றியதா என்று கேட்டார். கேபின் நண்பரின் பெயர் கடிதத்தில் இருந்தது, அவர் சொன்ன பெயரும் அதுதான். நாங்கள் பதில் சொல்லவில்லை, மச்சாள்மார் இருவரிடமும் விட்டோம். இந்த முறை இருவரும் ஒரே நாளில் இணங்கி அந்தப் பகுதியின் படியை அவருக்கு மட்டும் அனுப்பினார்கள். பாட்டனார் அந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை என்று அவர் எழுதியிருந்தார். யாருடைய மானத்தைக் காக்க என்று அந்தப் பகுதியை எடுத்தோமோ, அவர்களே அதைத் தேடி வந்தார்கள்.

அடுத்த முறை மாற்றுவது

பெட்டியைத் திறக்கும் அன்றே இரு பக்கத்துக்கும் ஒரு சம்மதத் தாள்: கடிதத்தை வைத்திருப்பவர் ஒருவர், எழுதியவரின் வாரிசு ஒருவர். இதைத் தொடக்கத்தில் செய்திருந்தால் சண்டையின் பாதி வந்திராது.

கடிதத்தில் மூன்றாம் ஆளின் பெயர் இருந்தால், எடுத்துவிட முதல் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்ப்போம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் மட்டும் எடுப்பது. வெட்டுவது எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்கிற பழக்கம் எங்களுக்கு இருந்தது, அது இப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. ஆனால் கடன் விடயத்தில் அப்படித் தேடிப் போகமாட்டோம். பழைய ஈட்டுக் கணக்கைக் கொண்டுபோய் ஒருவர் வாசலில் நிற்பது வேறு வில்லங்கம்.

தாள்களைத் தொட முதல் ஊரில் வயதானவர்களிடம் பேசவேண்டும். கடிதம் எங்கே வாசிக்கப்பட்டது, யார் வாசித்தார், யார் யார் கேட்டார் என்பது தெரியாமல் அதை வாசிக்கப் போனால் பாதிதான் விளங்கும். சிரட்டைக் கப்பல் கதையை நாங்கள் மலர் அச்சான பிறகுதான் கேட்டோம்.

31ஆம் நாள் என்ற தவணைக்கு இந்த வேலை ஒத்துவராது. மலருக்குத் தேவையான ஒன்றிரண்டு பக்கத்தை மட்டும் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஆறுதலாகச் செய்வதுதான் சரி. துக்க வீட்டில் இப்படியான முடிவு எடுக்க வைப்பதும் அழகில்லை.

கட்டில் இன்னும் கடிதங்கள் இருக்கின்றன. போர்ட் சயித்திலிருந்து ஒன்று, லண்டனிலிருந்து பல. சிலவற்றில் வீட்டு முகவரி, சிலவற்றில் பள்ளிக்கூட முகவரி. அவற்றையும் அக்கம்பக்கமாக வைத்து வாசிக்க மச்சாள்மார் இருவரும் இணங்கியிருக்கிறார்கள். மூத்தவர் ஒரு நிபந்தனை வைத்தார்: பெட்டி வீட்டை விட்டுப் போகாது, நாங்கள் அங்கே வந்துதான் செய்யவேண்டும். மாரிக் காலத்தில் இங்கே தாள் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மழை ஓய்ந்து வெயில் ஏறிய பிறகு, மாசி பங்குனியில் தொடங்குவதாகப் பேசியிருக்கிறோம்.